குல்லா கீச்சி கடலோரமும் மரபுரிமைப் பயணமும்: நிலம், தொழில், நினைவு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கடலோரத்திலும் அதனை அடுத்த தீவுகளிலும் வாழும் குல்லா கீச்சி மக்கள், அடிமைப்படுத்தப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் ஆவர். அவர்களுடைய மொழி, கைத்தொழில், உணவு, வழிபாடு ஆகியவற்றை அறியும் நோக்கில் பயணிகள் பலர் இன்று அங்குச் செல்கின்றனர். அதே கடலோரத்தில் சுற்றுலா விடுதிகளும் ஓய்வில்லங்களும் பெருகியமையால் அம்மக்களின் பூர்வீக நிலம் தொடர்ந்து கைமாறியும் வருகிறது. சுற்றுலா என்னும் ஒரே தொழில் ஒரு பண்பாட்டைக் காக்கவும் வேரறுக்கவும் வல்லதாக இருப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலம், தொழில், நினைவு ஆகிய மூன்றும் அம்மக்கள் கையில் நிலைக்கும் அளவிற்கே பயணம் அவர்களுக்கு ஆதரவாக அமைகிறது என்பதை இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குல்லா கீச்சி, மரபுரிமைப் பயணம், பூர்வீகச் சொத்து, கூடை முடைதல், கறுப்பின வரலாறு, சியரா லியோன்.

முன்னுரை

பயணம் மேற்கொள்வதும் ஓர் உரிமையே. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அவ்வுரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. அடிமை முறை நிலவிய காலத்தில், உடைமையாளரின் எழுத்துச் சீட்டு இல்லாமல் ஒருவர் தாம் உழைத்த பண்ணையின் எல்லையைத் தாண்ட இயலாது. அடிமை முறை ஒழிந்த பின்னும் இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் தொடர்வண்டி, பேருந்து, விடுதி, உணவகம், கழிப்பறை என யாவற்றிலும் அவர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டனர். அத்தகைய மக்களின் வரலாற்றைத் தேடிச் செல்லும் பயணங்கள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. மாண்ட்கோமரி, மெம்ஃபிஸ், சார்ல்ஸ்டன் முதலிய நகரங்களின் நினைவிடங்களும் அருங்காட்சியகங்களும் இப்பயணங்களின் மையங்களாக விளங்குகின்றன.

இப்பயணங்கள் கறுப்பின வரலாற்றை அறிவதற்கும் அப்பண்பாட்டை ஆதரிப்பதற்கும் உரியவை எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அறிதலும் ஆதரித்தலும் தாமாகவே இணைந்து செல்வதில்லை. ஒரு தீவின் அழகையும் அதன் கதைகளையும் நுகர்ந்து திரும்பும் பயணியின் பணம், அக்கதைகளுக்கு உரியவர்களிடம் சென்று சேராமல் போகலாம். அப்பணத்தால் பெருகும் நில மதிப்பே அவர்களை அங்கிருந்து வெளியேற்றவும் கூடும். இவ்விரு நிலைகளையும் ஒருசேரக் காண்பதற்குக் குல்லா கீச்சி கடலோரம் பொருத்தமான களமாகும்.

வழிகாட்டி நூலும் வருவாயின் வழியும்

பயணத்திற்கும் கறுப்பின மக்களின் பொருளாதாரத்திற்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள, 1936இல் வெளிவந்த ஒரு வழிகாட்டி நூலிலிருந்து தொடங்குதல் தகும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் அஞ்சல் ஊழியர், கறுப்பினப் பயணிகளை வரவேற்கும் விடுதிகள், உணவகங்கள், முடிதிருத்தகங்கள், வாகனப் பழுது நீக்கும் நிலையங்கள் ஆகியவற்றைத் தொகுத்து வெளியிட்டார். ‘கிரீன் புக்’ என வழங்கிய அந்நூலின் முதற்பதிப்பு நியூயார்க் வட்டாரத்தை மட்டும் உள்ளடக்கியிருந்தது. பின்வந்த பதிப்புகள் நாடு முழுமைக்கும் விரிந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இடைநின்று, மீண்டும் தொடர்ந்து, 1960களின் நடுப்பகுதி வரை அது வெளிவந்தது.

அந்நூலின் முதற்பயன் உயிர்ப்பாதுகாப்பாகும். பொழுது சாய்ந்த பின் கறுப்பினத்தவர் தங்கக்கூடாது என்னும் தடை பல ஊர்களில் நிலவிய காலம் அது. எங்கே உண்பது, எங்கே உறங்குவது என்பதை முன்கூட்டியே அறியாமல் நெடுஞ்சாலையில் செல்வது ஆபத்தாக இருந்தது. அதன் இரண்டாம் பயன் பொருளாதாரம் சார்ந்தது. பட்டியலில் இடம்பெற்ற விடுதிகளுள் பல, கறுப்பினத்தவர் தம் சொந்த உழைப்பில் நடத்தியவை. கணவனை இழந்த பெண்கள் தம் வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டதும் உண்டு. பயணியின் பணம் நேரே அவர்கள் கைக்குச் சென்றது.

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பொது இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன்பின் கறுப்பினப் பயணிகள் எவ்விடத்திலும் தங்க இயன்றது. அவ்வுரிமையின் பக்க விளைவாக, அவர்களை மட்டுமே நம்பியிருந்த சிறு விடுதிகள் பல மூடப்பட்டன. பட்டியலில் இடம்பெற்றிருந்த மெம்ஃபிஸ் நகரின் லொரேன் விடுதி, மார்ட்டின் லூதர் கிங் 1968இல் கொல்லப்பட்ட இடமாக உலகறிந்தது. 1991இல் அது தேசியக் குடியுரிமை அருங்காட்சியகமாயிற்று. பயணி செலவிடும் பணம் யாரிடம் சேர்கின்றது என்னும் கேள்வியை அக்காலத்தில் பாகுபாடே தீர்மானித்தது. இன்று அதனைப் பயணியின் தெரிவு தீர்மானிக்கிறது. குல்லா கீச்சி கடலோரத்தில் அத்தெரிவின் விளைவுகளைக் காணலாம்.

நெல் விளைந்த தீவுகள்

வட கரோலைனா, தென் கரோலைனா, ஜார்ஜியா, புளோரிடா ஆகிய நான்கு மாநிலங்களின் கடலோரத்தை உள்ளடக்கிய குல்லா கீச்சி பண்பாட்டு மரபுரிமை வழித்தடத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2006இல் ஏற்படுத்தியது. வடக்கே பெண்டர் கவுண்டி முதல் தெற்கே செயின்ட் ஜான்ஸ் கவுண்டி வரை அது நீள்கிறது. தென் கரோலைனாவில் குல்லா என்றும் ஜார்ஜியாவில் கீச்சி என்றும் இம்மக்கள் பெரும்பாலும் அழைக்கப்படுகின்றனர்.

இவர்களின் முன்னோர் இக்கடலோரத்திற்குக் கொண்டுவரப்பட்டமைக்கு நெல் ஒரு முதன்மைக் காரணம். செனகல் முதல் சியரா லியோன், லைபீரியா வரையிலான மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் நெடுங்காலமாக நெல் பயிரிடப்பட்டு வந்தது. அப்பகுதியிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களைத் தென் கரோலைனாவின் பண்ணை உடைமையாளர்கள் விரும்பி வாங்கினர். அமெரிக்க நெற்சாகுபடியின் தொழில்நுட்பம் எந்த அளவிற்கு ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்தது என்பதில் வரலாற்றாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜூடித் கார்னி 2001இல் வெளியிட்ட நூல் ஆப்பிரிக்கப் பங்களிப்பை முதன்மைப்படுத்தியது. பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனை மறுத்தனர். ஆனால் சதுப்பு நிலக் காடுகளை வெட்டித் திருத்தி, கரைகள் எழுப்பி, மதகுகள் அமைத்து, கடல் ஓதத்தால் ஏறியிறங்கும் ஆற்று நீரை வயலுக்குப் பாய்ச்சிய உழைப்பு அவர்களுடையது என்பதில் ஐயமில்லை. உரலில் நெல்லைக் குற்றியதும் முறத்தில் புடைத்ததும் அவர்களே.

கொசுக்கள் மிகுந்த வயல்வெளிகளில் காய்ச்சல் பரவும் கோடையில் வெள்ளையின உடைமையாளர் குடும்பங்கள் நகரங்களுக்கு அகன்றன. தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே பாலங்கள் இல்லை. இத்தனிமையில், பல்வேறு ஆப்பிரிக்க மொழிகளைப் பேசியவர்கள் ஆங்கிலச் சொற்களை மிகுதியாகக் கொண்ட ஒரு கலப்பு மொழியை உருவாக்கிக்கொண்டனர். அதனைச் சிதைந்த ஆங்கிலம் எனப் பலர் இகழ்ந்தனர். லொரன்சோ டவ் டர்னர் என்னும் கறுப்பின மொழியியலாளர் 1930களில் தீவுகளில் களப்பணி மேற்கொண்டு, 1949இல் வெளியிட்ட நூலில் ஆயிரக்கணக்கான சொற்களுக்கும் பெயர்களுக்கும் ஆப்பிரிக்க மூலங்களைக் காட்டினார். அவற்றுள் பெரும்பான்மையானவை வீட்டில் மட்டும் வழங்கிய செல்லப்பெயர்கள். அயலார் முன் அவற்றை வெளிப்படுத்தாமல் மக்கள் காத்து வந்தனர். 2005இல் புதிய ஏற்பாடு இம்மொழியில் முழுமையாக வெளிவந்தது.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் இத்தீவுகள் விடுதலையின் முதற்களங்களாயின. 1861 நவம்பரில் வடபுலக் கடற்படை போர்ட் ராயல் பகுதியைக் கைப்பற்றியபோது பண்ணை உடைமையாளர்கள் தப்பியோடினர். ஏறத்தாழ பத்தாயிரம் அடிமைப்படுத்தப்பட்டோர் அங்கேயே தங்கினர். செயின்ட் ஹெலினா தீவில் 1862இல் அவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பென் பள்ளி, இன்று பென் மையம் என்னும் பண்பாட்டு நிறுவனமாக நிலைபெற்றுள்ளது. அதே ஆண்டில் ஹில்டன் ஹெட் தீவில் விடுதலை பெற்றோர் தாமே ஆளும் மிட்சல்வில் என்னும் ஊர் எழுந்தது. போருக்குப் பின் நிலம் வாங்கிய குடும்பங்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தன. அந்நிலமே இன்றைய சிக்கலின் மையமாகும்.

முறத்திலிருந்து கூடைக்கு

இக்கடலோரத்திற்கு வரும் பயணியின் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் கூடையே. சார்ல்ஸ்டனை அடுத்த மவுண்ட் பிளசன்ட் ஊரின் வழியே செல்லும் 17ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில், மரச்சட்டங்களால் ஆன சிறு கடைகளில் கூடைகள் தொங்குகின்றன. அவற்றின் முன் அமர்ந்து பெண்கள் கூடை முடைகின்றனர். நறுமணப் புல்லைக் கற்றையாகச் சுருட்டி, பனையினத்தைச் சேர்ந்த பால்மெட்டோவின் ஓலைக் கீற்றால் சுற்றிச் சுற்றித் தைத்து அடுக்கும் சுருள் முறை இது. இடையிடையே பழுப்பு நிறத்திற்காகப் பைன் ஊசியிலைகளும் உறுதிக்காகக் கோரையும் சேர்க்கப்படுகின்றன. இதே முறையில் அமைந்த கூடைகளை மேற்கு ஆப்பிரிக்காவிலும் காணலாம்.

இக்கைத்தொழிலின் தொடக்கம் நெற்களத்தில் உள்ளது. குற்றிய நெல்லிலிருந்து உமியைப் பிரிப்பதற்குரிய அகன்ற, ஆழமற்ற, வட்டமான முறமே பண்ணைகளில் மிகுதியாக முடையப்பட்டது. கடினமான கோரையைக் கொண்டு ஆண்கள் அவற்றைச் செய்தனர். நெற்சாகுபடி அழிந்தபின் முறத்தின் தேவை மறைந்தது. மென்மையான நறுமணப் புல்லால் பெண்கள் செய்த வீட்டுக் கூடைகள் நிலைத்தன. 1930களில் நெடுஞ்சாலையில் வாகனப் போக்குவரத்து பெருகியபோது, சாலையோரத்தில் கடையிட்டுப் பயணிகளிடம் நேரடியாக விற்கும் வழக்கம் வேரூன்றியது. இடைத்தரகர் இல்லாத அவ்விற்பனையால் பல குடும்பங்கள் தம் நிலத்தைத் தக்கவைத்துக்கொண்டன. சுற்றுலா ஒரு தொழிலைக் காத்தமைக்கு இது தெளிவான சான்றாகும்.

தென் கரோலைனா இக்கூடையைத் தன் மாநிலக் கைவினையாக 2006இல் அறிவித்தது. மவுண்ட் பிளசன்ட் மரபில் வளர்ந்த மேரி ஜாக்சன் 2008இல் மக்கார்தர் நல்கையைப் பெற்றார். இத்தகைய பெருமைகளுக்கிடையே மூலப்பொருள் அருகி வருகிறது. நறுமணப் புல் வளரும் மணல்மேடுகளும் சதுப்போரங்களும் வேலியிட்ட குடியிருப்புகளாகவும் ஓய்வு விடுதிகளாகவும் மாறிவிட்டன. தம் பாட்டிமார் தடையின்றிப் புல் அறுத்த இடத்திற்குள் நுழைய இன்று காவலரின் அனுமதி வேண்டும். புல்லைத் தேடித் தொலைவிலுள்ள இடங்களுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் உழைப்பும் செலவும் கூடுகின்றன.

கூடையின் விலையைக் கேட்டுத் திகைக்கும் பயணிகளும் உளர். சிறு கூடைக்கே பல மணி நேரமும் பெருங்கூடைக்குப் பல வாரங்களும் பிடிக்கின்றன. அறுத்தல், உலர்த்தல், பிரித்தல் ஆகியவை அக்கணக்கில் சேரா. தொலைவில் இயந்திரத்தாலோ குறைந்த கூலிக்கோ செய்யப்பட்ட போலிகளும் சந்தைக்கு வருகின்றன. முடைந்தவரிடமே கேட்டு, அவரிடமே வாங்குதல் இத்தொழிலுக்குப் பயணி செய்யத்தக்க எளிய உதவியாகும்.

பாகம் பிரிக்கப்படாத நிலம்

குல்லா கீச்சி நிலத்தின் இழப்புக்கு இரு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. முதலாவது, உயில் எழுதப்படாமை. அடிமை முறையிலிருந்து விடுபட்டு நிலம் வாங்கிய முதல் தலைமுறையினருக்குச் சட்ட உதவி எட்டாததாக இருந்தது. நீதிமன்றங்கள்மீது நம்பிக்கையும் இல்லை. அவர்கள் இறந்தபின் நிலம் எல்லா வழித்தோன்றல்களுக்கும் பாகம் பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தாகச் சென்றது. நான்கைந்து தலைமுறைகள் கடந்தபின் ஒரு சிறு நிலத்திற்குப் பல ஊர்களில் சிதறிய பங்காளிகள் மிகப் பலர் இருப்பர். தெளிவான உரிமைப் பத்திரம் இல்லாமையால் அந்நிலத்தின்மீது வங்கிக் கடன் பெறுவது கடினம். புயல் சேதத்திற்கான அரசு உதவி பெறுவதும் கடினம்.

இதனினும் பெரிய ஆபத்து பாகப்பிரிவினை வழக்கில் இருந்தது. அந்நிலத்தையே கண்டிராத தொலைதூர உறவினர் ஒருவரின் பங்கை வெளியார் ஒருவர் வாங்கிவிட்டால், அவரும் பங்குதாரராகிப் பிரிவினை கோரி வழக்குத் தொடுக்கலாம். பலருக்கிடையே நிலத்தை அளந்து பிரிக்க இயலாது என நீதிமன்றம் கருதினால் முழு நிலமும் ஏலத்திற்கு வரும். அங்கே பிறந்து வளர்ந்த குடும்பத்தினரால் ஏலத்தில் போட்டியிட முடியாது.

இரண்டாவது காரணம் கடலோர நிலத்தின் விலையேற்றம். ஹில்டன் ஹெட் தீவிற்கு 1956இல் பாலம் அமைந்தது. அதற்கு முன் அத்தீவின் மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். பாலத்தைத் தொடர்ந்து குழிப்பந்தாட்டத் திடல்களும் விடுதிகளும் வேலியிட்ட குடியிருப்புகளும் எழுந்தன. அக்குடியிருப்புகள் பலவற்றிற்கு, அடிமைப் பண்ணையைக் குறிக்கும் ‘பிளான்டேஷன்’ என்னும் சொல்லே பெயராகச் சூட்டப்பட்டது. முன்னோரின் இடுகாடுகள் வேலிக்குள் அகப்பட்டன. தம் பெற்றோரின் கல்லறையைக் காணச் செல்வோர் வாயிற்காவலரிடம் நுழைவுச் சீட்டுப் பெறும் நிலை வந்தது. அடிமைக் காலத்தில் வெளியே செல்லச் சீட்டுக் கேட்ட மண்ணில், உள்ளே வரச் சீட்டுக் கேட்கும் நிலை உருவானது.

ஜார்ஜியாவின் சப்பெலோ தீவு இச்சிக்கலின் கடைசி அரண்களுள் ஒன்று. பாலமில்லாத அத்தீவிற்குப் படகில் மட்டுமே செல்ல இயலும். தீவின் மிகப்பெரும் பகுதி மாநில அரசுக்கு உரியது. முன்பு பல சிற்றூர்களில் வாழ்ந்த கீச்சி மக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹாக் ஹம்மக் என்னும் ஒரே ஊருக்கு ஒதுக்கப்பட்டனர். இன்று அங்கு நிலையாக வாழும் வழித்தோன்றல்கள் சில பத்துப் பேரே. வெளியார் நிலம் வாங்கிப் பெரிய ஓய்வில்லங்கள் கட்டத் தொடங்கியபின் சொத்து மதிப்பீடு உயர்ந்தது. 2012இல் சிலருடைய சொத்துவரி பன்மடங்காயிற்று. 2023இல் கவுண்டி நிர்வாகம் நிலப்பயன்பாட்டு விதிகளைத் தளர்த்தி, வீடுகளுக்கு அனுமதிக்கப்பட்ட பரப்பளவை இருமடங்கிற்கும் மேலாக உயர்த்தியது. ஊர்மக்கள் அதனை எதிர்த்து வாக்கெடுப்புக் கோரினர். அவ்வாறு கோரும் உரிமை அவர்களுக்கு உண்டு என 2025இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத் துறையில் சில முன்னேற்றங்கள் ஏற்பட்டுள்ளன. பிரிவினை வழக்கில் நிலத்தை முதலில் மதிப்பிட்டு, ஏனைய பங்காளிகள் அம்மதிப்பிற்கு வாங்கிக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்னும் மாதிரிச் சட்டம் 2010இல் வகுக்கப்பட்டது. ஜார்ஜியா அதனை 2012இலும் தென் கரோலைனா 2016இலும் ஏற்றன. தென் கரோலைனாச் சட்டம் கிளமென்டா பிங்க்னியின் பெயரைத் தாங்கியுள்ளது. மாநில மேலவை உறுப்பினரும் சார்ல்ஸ்டன் இம்மானுவேல் தேவாலயத்தின் போதகருமான அவர், 2015 ஜூன் 17 அன்று அத்தேவாலயத்தில் வெள்ளையின வெறியன் ஒருவனால் சுட்டுக்கொல்லப்பட்ட ஒன்பதின்மருள் ஒருவர். சார்ல்ஸ்டனில் 2005 முதல் இயங்கும் பூர்வீகச் சொத்துப் பாதுகாப்பு மையம், உயில் எழுதவும் உரிமைப் பத்திரம் பெறவும் குடும்பங்களுக்கு உதவுகிறது.

வரலாற்றைச் சொல்லும் உரிமை

நிலத்தைப் போலவே வரலாறும் கைமாறக்கூடியது. தென்புலப் பண்ணை மாளிகைகளைச் சுற்றிக்காட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தூண்கள், சரவிளக்குகள், தோட்டங்கள், ஓக் மரநிழல் சாலைகள் ஆகியவையே அங்கு முதன்மை பெற்றன. வயலில் உழைத்தவர்கள் பெயரற்ற ‘பணியாளர்’களாகச் சுருக்கப்பட்டனர். அவ்வழகிய பின்னணியில் திருமணங்களும் நடைபெற்றன.

இவ்வணுகுமுறைக்கு மாற்றாக அமைந்தது ஜேம்ஸ் தீவிலுள்ள மக்லவுட் பண்ணை வரலாற்றிடம். சார்ல்ஸ்டன் கவுண்டி பூங்கா நிர்வாகம் 2015இல் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அங்குச் சுற்றுலாவின் மையம் மாளிகையன்று. அடிமைப்படுத்தப்பட்டோர் வாழ்ந்த மரக்குடில்களே. அக்குடில்களில் 1990 வரை மக்கள் வாழ்ந்தனர் என்னும் செய்தி, அடிமைக் காலம் தொலைதூரப் பழமை என எண்ணி வரும் பயணியைத் திகைக்கச் செய்கிறது.

சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் காட்ஸ்டென் துறையில் 2023 ஜூனில் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அட்லாண்டிக் அடிமை வணிகம் 1808 தொடக்கத்தில் சட்டத்தால் தடைசெய்யப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில், ஆப்பிரிக்கர்கள் பெருந்தொகையில் இத்துறையில் இறக்கப்பட்டனர். அவர்கள் கால்பதித்த நிலத்தை மறைக்காத வண்ணம் கட்டடம் தூண்களின்மீது உயர்த்தி எழுப்பப்பட்டுள்ளது. குடும்ப வரலாற்றைத் தேடுவோர்க்கென ஒரு மையமும் அதனுள் உண்டு. அடிமைப்படுத்தப்பட்டோரின் பெயர்கள் பெரும்பாலும் விற்பனைப் பத்திரங்களிலும் சொத்துப் பட்டியல்களிலுமே எஞ்சியுள்ளமையால், ஒரு பாட்டனின் பெயரைக் கண்டடைவதே நெடிய உழைப்பாகும்.

தெற்கே போஃபோர்ட் நகரில், விடுதலை பெற்றோரின் அரசியல் எழுச்சியைக் கூறும் மறுகட்டமைப்புக் காலத் தேசிய வரலாற்றுப் பூங்கா உள்ளது. அந்நகரின் மைந்தரான ராபர்ட் ஸ்மால்ஸ், 1862 மே மாதத்தில் தென்புலப் படையின் ‘பிளான்டர்’ என்னும் கப்பலைச் சார்ல்ஸ்டன் துறையிலிருந்து ஓட்டிச் சென்று தம் குடும்பத்தையும் உடனிருந்தோரையும் விடுவித்தார். பின்னர்த் தாம் அடிமையாகப் பிறந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். இத்தகைய வரலாறுகள் துயரத்தை மட்டும் தேடி வரும் பயணிக்கு, ஆட்சியையும் அறிவையும் சொத்தையும் கட்டியெழுப்பிய மக்களைக் காட்டுகின்றன.

பாடல் வழியே ஒரு பயணம்

மரபுரிமைப் பயணம் வெளியாரின் வருகையாக மட்டும் அமைவதில்லை. வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் கரையைத் தேடிச் செல்லும் பயணமும் அதன் ஒரு முகமாகும்.

ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்னும் ஊரில் வாழ்ந்த அமிலியா டாலி என்னும் பெண், தம் முன்னோரிடமிருந்து பெற்ற ஒரு சிறு பாடலை டர்னருக்குப் பாடிக்காட்டினார். சொற்களின் பொருள் அவருக்குத் தெரியாது. டர்னர் 1930களின் தொடக்கத்தில் அதனை ஒலிப்பதிவு செய்தார். அது சியரா லியோனில் வழங்கும் மெண்டே மொழி என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. அரை நூற்றாண்டிற்குப் பின் மானிடவியலாளர் ஜோசப் ஓபலா, இசையியலாளர் சிந்தியா ஷ்மிட், சியரா லியோன் மொழியியலாளர் டாசீஃப் கொரோமா ஆகியோர் அப்பாடலின் ஊரைத் தேடினர். செனெஹுன் இங்கோலா என்னும் சிற்றூரில் பெண்டு ஜபாத்தி என்பவர், தம் பாட்டியிடம் கற்ற அதையொத்த பாடலைப் பாடினார். அது இறந்தோர்க்குரிய சடங்கில் பெண்கள் பாடுவது. அமிலியாவின் மகள் மேரி மோரன் தாயிடமிருந்து அப்பாடலைக் கற்றிருந்தார். 1997இல் அவர் தம் குடும்பத்தினருடன் சியரா லியோன் சென்று பெண்டு ஜபாத்தியைச் சந்தித்தார். அப்பயணம் 1998இல் ஆவணப்படமாக வெளிவந்தது.

இதற்கு முன்னரே இரு கரைகளுக்கிடையே போக்குவரத்து தொடங்கியிருந்தது. சியரா லியோன் அதிபர் ஜோசப் மோமோ 1988இல் பென் மையத்திற்கு வந்தார். அடுத்த ஆண்டு குல்லா மக்களின் குழுவொன்று சியரா லியோனுக்குச் சென்று, அடிமை வணிகக் கோட்டை அமைந்திருந்த பன்ஸ் தீவைக் கண்டது. அத்தீவிலிருந்து 1756இல் ‘ஹேர்’ என்னும் கப்பலில் ஏற்றப்பட்ட, பின்னர்ப் பிரிசில்லா எனப் பெயரிடப்பட்ட பத்து வயதுச் சிறுமியின் வழிமரபு ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்டது. அவ்வழியில் ஏழாம் தலைமுறையினரான தாமலிண்ட் மார்ட்டின் பொலைட் 2005இல் சியரா லியோன் சென்றபோது, நாட்டு மக்கள் அவரைத் திரும்பி வந்த மகளாக வரவேற்றனர்.

ஹாரிஸ் நெக் ஊரின் கதை அப்பாடலோடு முடிவதில்லை. ஏறத்தாழ 2,700 ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தை 1942இல் கூட்டாட்சி அரசு படைத்துறை விமானத்தளத்திற்காகக் கையகப்படுத்தியது. வீடுகளை விட்டு வெளியேற மக்களுக்குச் சில வாரங்களே தரப்பட்டன. போர் முடிந்தபின் நிலம் அவர்களிடம் திரும்பவில்லை. 1962 முதல் அது வனவிலங்குப் புகலிடமாக உள்ளது. நிலத்தைத் திரும்பப் பெறும் வழித்தோன்றல்களின் முயற்சி பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. நாரைகளைக் காண அங்கு வரும் பயணி, ஆப்பிரிக்கப் பாடலொன்றைக் காத்துத் தந்த ஓர் ஊரின்மீது நிற்பதை அறியாமலே திரும்பக்கூடும்.

பயணியின் பொறுப்பு

மேற்கண்ட செய்திகளிலிருந்து, பயணம் ஆதரவாக அமைவதற்குரிய மூன்று அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது, பயணியின் பணம் யாரிடம் சேர்கிறது என்பது. உணவு, வழிகாட்டல், கைவினை, தங்குமிடம் ஆகியவற்றை உள்ளூர்க் குடும்பங்களிடமிருந்து பெறும்போது, சொத்துவரி கட்டவும் நிலத்தைத் தக்கவைக்கவும் அவ்வருவாய் உதவுகிறது. சப்பெலோவில் ‘கீச்சி சிவப்புப் பயறு’ என்னும் மரபு வகையைச் சிலர் மீண்டும் பயிரிடுவது இந்நோக்கத்தினாலேயே. அத்தீவின் கதைகளை எழுதி வைத்த கார்னிலியா வாக்கர் பெய்லி 2017இல் மறையும்வரை இம்முயற்சியில் முன்னின்றார்.

இரண்டாவது, வரலாற்றை யார் சொல்கிறார் என்பது. வழித்தோன்றல் ஒருவர் வழிகாட்டும்போது, இடுகாட்டில் இறந்தவர் இறுதியாகப் பயன்படுத்திய கோப்பைகளும் தட்டுகளும் வைக்கப்பட்டிருப்பதன் காரணத்தை அவர் தம் பாட்டியின் நினைவாகவே கூறுவார். எங்கே நிற்கலாம், எங்கே ஒளிப்படம் எடுக்கலாகாது என்பதும் அவர் வாயிலாகத் தெரியவரும். இறைவாழ்த்து இல்லங்கள் எனப்படும் சிறு வழிபாட்டு மனைகள் இன்றும் வழிபாட்டிற்குரியவை, காட்சிப்பொருள்கள் அல்ல.

மூன்றாவது, பயணி தங்கும் இடம் எவ்வாறு உருவானது என்பது. குறைந்த தொலைவில் கடற்காட்சி தரும் ஓய்வில்லம் யாருடைய நிலத்தில் எழுந்தது எனக் கேட்பது பயணியின் உரிமைக்குள் அடங்கும். அக்கேள்வி பலரால் கேட்கப்படும்போது விடுதித்தொழிலும் அதற்கு விடை கூற வேண்டியிருக்கும்.

இவற்றோடு, பொதுவசதிகளின் பாதுகாப்பும் ஆதரவின் பகுதியே. சப்பெலோவில் ஆண்டுதோறும் அக்டோபரில் பண்பாட்டு நாள் கொண்டாடப்படுகிறது. 2024 அக்டோபர் 19 அன்று அவ்விழாவிற்கு வந்து திரும்பியோர் நின்றிருந்த படகுத்துறை நடைபாலம் இடிந்து விழுந்து ஏழு பேர் உயிரிழந்தனர். தீவு மக்களின் அன்றாட வாழ்வு முழுவதும் அப்படகுப் பாதையையே சார்ந்துள்ளது. பயணிகளை அழைக்கும் அரசு, துறைக்கும் மருத்துவத்திற்கும் சாலைக்கும் செலவிடுவதும் அப்பண்பாட்டைக் காப்பதில் அடங்கும்.

முடிவுரை

குல்லா கீச்சி கடலோரத்தில் சுற்றுலா இரு வேறு முறைகளில் இயங்கியுள்ளது. சாலையோரக் கூடைக்கடையில் அது பணத்தை முடைபவரின் கையில் நேரே சேர்த்து, ஒரு தொழிலைத் தலைமுறை கடந்து வாழச் செய்தது. பாலத்தின் வழியே வந்த ஓய்வுவிடுதித் தொழிலாக அது நிலத்தின் விலையை உயர்த்தி, அதே தொழிலின் புல்லையும் அதன் உரிமையாளரின் வீட்டையும் பறித்தது. நிலவுரிமை யாரிடம் இருந்தது என்பதே இவ்வேறுபாட்டிற்கு அடிப்படை. ஆகவே கறுப்பினப் பண்பாட்டை ஆதரிக்கும் பயணம் என்பது, காட்சிகளின் எண்ணிக்கையை வைத்து அளக்கத்தக்கதன்று. பயணி திரும்பிச் சென்றபின் அந்நிலமும் தொழிலும் கதையும் யாரிடம் உள்ளன என்பதை வைத்தே அதனை மதிப்பிட வேண்டும்.

கிரீன் புக் காலத்தில், தம்மை வரவேற்ற வீடுகளைத் தேடிக் கறுப்பினப் பயணிகள் சென்றனர். இன்று எவ்வினத்தைச் சேர்ந்த பயணியும் அத்தகைய வீடுகளைத் தேடிச் செல்லலாம். அவ்வீடுகள் அவ்விடத்தில் நிலைத்திருக்க வேண்டுமெனில் பூர்வீகச் சொத்துச் சட்டங்கள் நடைமுறையில் செயல்பட வேண்டும். சொத்துவரி அங்கே வாழ்வோரின் வருவாய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பயணிகளும் தம் செலவு சேருமிடத்தை அறிந்து செலவிட வேண்டும். குல்லா கீச்சி மக்கள் தம் மண்ணில் வாழும்வரையே அங்கு அறிவதற்கு ஒரு பண்பாடும் இருக்கும்.